கம்பனி பைக்கில் ஏறும் முன் காப்புறுதிக் கடதாசியைக் கேளுங்கள்

(டயகமவில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்கள் கூடியிருந்த கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நமது கூட்டங்களில் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைப் பற்றிப் பேசுவோம். லயத்துக் கூரையைப் பற்றி, அரைப் பேர் போடுவதைப் பற்றிப் பேசுவோம். இன்று மோட்டார் சைக்கிள் காப்புறுதியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், முன்வரிசையில் இருக்கும் அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. “மலையில் கூடை சுமக்கிற எங்களுக்கு பைக்குக் கதை எதற்கு?” என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கூடை சுமக்கிற உங்களுடைய பிள்ளைகள்தான் இன்று பைக் ஓட்டுகிறார்கள்.

இருபது வருடத்துக்கு முன்பு ஒரு டிவிஷனில் எத்தனை பைக் இருந்தது? சின்னத்துரையிடம் ஒன்று, வெளிக்கள உத்தியோகத்தரிடம் ஒன்று, அவ்வளவுதான். இன்றைக்கு அப்படியில்லை. தோட்டத்து பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போகிறவர் நம்முடைய ஆள். பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் விநியோகிக்கிற கம்பனியின் பைக்கில் அக்கரபத்தனை, ஹோல்புரூக், லிந்துலை, தலவாக்கலை என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவர் நம்முடைய பிள்ளை. கடன் தவணை சேர்க்க லயம் லயமாக வருகிறவர்களிலும் நம்முடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்புக்குப் போன தம்பிமார் பொதி விநியோகத்திலும் பாதுகாப்புக் கம்பனியிலும் பைக்கோடுதான் நாள் முழுக்க அலைகிறார்கள். பைக் கம்பனியுடையது. அதன்மேல் உட்கார்ந்திருக்கிற உடம்பு நம்முடையது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றியது.

எங்களிடம் வந்த ஒரு முறைப்பாட்டைச் சொல்லித் தொடங்குகிறோம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், கம்பனியும் வேண்டாம். விஷயம் மட்டும் போதும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பின்னேரம், மூடுபனி இறங்கிய நேரம். விநியோகக் கம்பனியின் பைக்கில் சாமான் பெட்டியோடு வந்த நம்முடைய தம்பி ஒருவர் வளைவில் சறுக்கி விழுந்தார். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. யாரையும் மோதவுமில்லை. தானாக விழுந்ததுதான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பைக்கின் முன்பக்கம் நொறுங்கியது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கம்பனியிலிருந்து ஆள் வந்தார். பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். கூடவே ஒரு கடதாசியும் கொண்டு வந்தார். பைக்கைத் திருத்துகிற செலவை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று மாதம் வேலையில்லை, சம்பளமில்லை. அம்மா கொழுந்தெடுத்துக் கொண்டுவந்த காசில்தான் வீடு ஓடியது. தங்கச்சியின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

அந்தத் தம்பி எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: “அண்ணே, பைக்கில லைசன் ஒட்டியிருந்திச்சு. இன்சூரன்சும் இருந்திச்சு. பொலிசில பிடிச்சாக்கூட ஒன்றும் சொல்ல மாட்டாங்க. பிறகு ஏன் எனக்கு ஒரு சதமும் கிடைக்கல்ல?”

நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது உண்மை. அந்த இன்சூரன்சில் அந்தத் தம்பி இல்லை.

நமது நாட்டில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. காப்புறுதி இல்லாமல் எந்த வாகனத்தையும் வீதியில் ஓட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பிரித்தானியாவில் இந்தக் கட்டாயம் 1930 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நம்முடைய சட்டமும் அதே வழியில் வந்தது. ஆனால் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது ஒரே ஒரு காப்புறுதியைத்தான். அதற்குப் பெயர் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. முதலாம் தரப்பு பைக்கின் உரிமையாளர். இரண்டாம் தரப்பு காப்புறுதிக் கம்பனி. மூன்றாம் தரப்பு வீதியில் போகிற வருகிற மற்றவர். பைக் மோதி அந்த மற்றவர் செத்தாலோ காயப்பட்டாலோ, உரிமையாளர் கொடுக்க வேண்டிய நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனி கொடுக்கும். அவருடைய சொத்துக்கு ஏற்படுகிற சேதத்துக்குப் பத்திரத்தில் எழுதியிருக்கிற எல்லை வரை கொடுக்கும்.

இது நல்ல சட்டம்தான். பாதையோரம் விறகு சுமந்து போகிற நம்முடைய அம்மாவை யாராவது மோதினால், மோதியவனிடம் காசு இல்லாவிட்டாலும் நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சட்டம் வந்தது. அதனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அது யாருக்காக வாங்கப்பட்டது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பைக் ஓட்டுகிறவருடைய காலுக்கு அதில் ஒன்றும் இல்லை. பைக்கின் நொறுங்கிய முன்பக்கத்துக்கும் ஒன்றும் இல்லை.

காப்புறுதிகளில் விலை குறைந்தது இதுதான். அதனால் பல கம்பனிகள் இதோடு நின்றுவிடுகின்றன. சட்டத்துக்கு வேண்டியதை வாங்கிவிட்டோம் என்று சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அந்த மலிவின் விலையைக் கடைசியில் யார் கொடுத்தது? அந்தத் தம்பியின் தங்கச்சியின் தோடு கொடுத்தது.

இதற்கு மேலே இரண்டு காப்புறுதிகள் இருக்கின்றன. ஒன்று, முழுக் காப்புறுதி. இதில் மூன்றாம் தரப்பும் அடங்கும். பைக்குக்கு ஏற்படுகிற சேதம், தீ, களவு ஆகியவையும் அடங்கும். மற்றது, ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதி. ஓட்டுகிறவர் செத்தால், கை கால் போனால், நிரந்தரமாக அங்கவீனமானால் ஒரு தொகை கொடுக்கிற காப்பு இது. சில பத்திரங்களில் இது முழுக் காப்புறுதியோடு சேர்ந்து வரும். சிலவற்றில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அப்படித்தான். அவருக்குக் காப்பு உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. எழுதவில்லை என்றால் உண்டு என்று நினைத்து ஏறாதீர்கள்.

வெள்ளம், மண்சரிவு, மரம் முறிந்து விழுவது போன்ற இயற்கை அனர்த்தங்களையும் பல பத்திரங்களில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். நம்முடைய மலையில் மழை பெய்தால் மண்மேடு பாதைக்கு வரும். டேர்பன்டைன் மரம் முறியும். கொழும்பில் இருக்கிற கம்பனி அதிகாரிக்கு இது நினைவில் வராது. நாம்தான் நினைவூட்ட வேண்டும். கலவரம், வேலைநிறுத்தக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பும் தனியாகச் சேர்க்கிற ஒன்றுதான். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அது கிடைக்கிறது. 2022 மே மாதம் நாட்டில் பல இடங்களில் வாகனங்கள் எரிக்கப்பட்டபோதுதான் அப்படி ஒரு காப்பு இருப்பதே பலருக்குத் தெரிய வந்தது.

இப்போது கம்பனி பைக்கில் மட்டும் இருக்கிற ஒரு சிக்கலுக்கு வருகிறோம். சொந்த பைக் வைத்திருக்கிறவர் பத்திரம் எடுத்தால் உரிமையாளரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆள். கம்பனி பைக்கில் உரிமையாளர் கம்பனி. கம்பனிக்குக் கையுமில்லை, காலுமில்லை. விபத்தில் அதற்கு எலும்பு முறியாது.

இது விளையாட்டுப் பேச்சல்ல. அக்கரையில் தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் வாகனத்தைத் தானே ஓட்டுகிற உரிமையாளருக்கு விபத்துக் காப்பு கட்டாயம். முன்பு இரு சக்கர வாகனத்துக்கு அந்தத் தொகை 1 இலட்சம் இந்திய ரூபாயாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அது போதாது என்று சொன்ன பிறகு, 2018 இல் அங்குள்ள காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 15 இலட்சமாக உயர்த்தியது. நல்ல மாற்றம். ஆனால் வாகனம் ஒரு கம்பனியின் பெயரில் இருந்தால் அந்தக் கட்டாயக் காப்பு அங்கே கிடையாது. உரிமையாளரே ஓட்டுநராக இருக்க வேண்டும், கம்பனி ஓட்டாது என்பதுதான் காரணம். அங்கே கம்பனி பைக் ஓட்டுகிற தொழிலாளிக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவர் வெளியேதான் நிற்கிறார். அக்கரையிலும் இக்கரையிலும் நம்முடைய ஆள் நிற்கிற இடம் ஒன்றுதான்.

ஆகவே கம்பனி பைக்கின் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பு நான்கு விஷயங்களைக் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

முதலாவது, காப்புறுதிச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் முடிவுத் திகதியைப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாம் லைசன் என்கிறோமே, அதைப் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆனால் இரண்டின் திகதியும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றில்லை. லைசன் இன்னும் நான்கு மாதம் செல்லுபடியாகும், காப்புறுதி போன வாரமே முடிந்திருக்கும். லைசனைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்து போவீர்கள்.

இரண்டாவது, அது மூன்றாம் தரப்பா, முழுக் காப்புறுதியா, ஓட்டுநருக்கு விபத்துக் காப்பு உண்டா என்று கேளுங்கள். வாய்ப் பேச்சுப் போதாது. பத்திரத்தின் பிரதி ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அம்மாவோ மனைவியோ அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விபத்து நடக்கிற நாளில் கடதாசி தேடுகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது, பைக் என்ன பாவனைக்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். சொந்தப் பாவனைக்கு என்று எழுதிக் குறைந்த கட்டணம் கட்டிவிட்டு, நாள் முழுக்கப் பொதி விநியோகத்துக்கு அனுப்பினால், விபத்து நடந்த அன்றைக்குக் காப்புறுதிக் கம்பனி அந்த வரியைக் காட்டிப் பணத்தை மறுக்கலாம். கட்டணத்தில் மிச்சம் பிடிக்கச் சொல்கிற பொய், பணம் வேண்டிய நாளில் நம் கழுத்தைப் பிடிக்கும்.

நான்காவது உங்களுடைய பொறுப்பு. சாரதி அனுமதிப்பத்திரம். நமது நாட்டில் 100 சீசீ வரையான பைக்குக்கு ஏ-1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. உங்களிடம் இருப்பது ஏ-1, கம்பனி கொடுப்பது 125 சீசீ பைக் என்றால் அதை ஓட்ட உங்களுக்கு உரிமையில்லை. முழுக் காப்புறுதி இருந்தும் பிரயோசனமில்லாமல் போகும். “பரவாயில்லை, நீ ஓட்டு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று அதிகாரி சொல்லலாம். நீதிமன்றத்தில் அந்த அதிகாரி பக்கத்தில் நிற்க மாட்டார்.

சரி, முழுக் காப்புறுதிக்கும் விபத்துக் காப்புக்கும் காசு வேண்டுமே, கம்பனி சம்மதிக்குமா என்று சில தலைவர்கள் யோசிக்கிறீர்கள். “செலவு அதிகம்” என்பதுதான் நாங்கள் எப்போதும் கேட்கிற பதில். பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பதிலுக்கு மறுபதில் வைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க வழி இருக்கிறது.

கம்பனியிடம் ஒரு பைக் மட்டும் இருப்பதில்லை. ஐந்து, பத்து, ஐம்பது என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு முகவரிடம் தனித்தனியாகப் பத்திரம் எடுத்தால் சில்லறை விலைதான். எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக்கி, குறைந்தது மூன்று காப்புறுதிக் கம்பனிகளிடம் எழுத்தில் விலை கேட்டால், கட்டணத்தைப் பேசிக் குறைக்க இடமிருக்கும். அரசின் ஸ்ரீ லங்கா இன்சூரன்சும் இருக்கிறது, தனியார் கம்பனிகளும் இருக்கின்றன. ஒன்றின் விலையை மற்றதிடம் காட்டிப் பேசலாம். ஓட்டுநர்களின் விபத்துக் காப்பும் அப்படித்தான். ஒருவருக்குத் தனியாக எடுப்பதைவிட முப்பது பேருக்குக் கூட்டாக எடுக்கும்போது ஆளுக்கு விழுகிற தொகை குறையும். தனியாக நின்றால் விலை கூடும், சேர்ந்து நின்றால் விலை குறையும். சங்கத்தில் இருக்கிற நமக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, நட்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற கழிவு. ஒரு வருடம் முழுக்கக் கோரிக்கை எதுவும் இல்லாவிட்டால் அடுத்த வருடக் கட்டணத்தில் கழிவு தருவார்கள். வருடங்கள் கூடக் கூடக் கழிவும் கூடும். கண்ணாடி உடைந்தது, இண்டிகேட்டர் உடைந்தது என்று சின்னச் சின்னச் சேதத்துக்கெல்லாம் கோரிக்கை வைத்தால் கிடைக்கிற காசைவிட இழக்கிற கழிவு பெரிதாகிவிடும். இது கம்பனி கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். கவனமாக ஓட்டி இந்தக் கழிவைச் சம்பாதித்துக் கொடுப்பவர் ஓட்டுகிற தொழிலாளிதான். ஆகவே அந்த மிச்சத்திலிருந்து அவருக்கு விபத்துக் காப்பு எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு முழு நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, சேதத்தில் முதல் இவ்வளவு தொகையை உரிமையாளரே ஏற்றுக்கொள்வது என்று ஒரு ஏற்பாடு உண்டு. அந்தத் தொகையைக் கொஞ்சம் உயர்த்தினால் கட்டணம் குறையும். இதில் தலைவர்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். உரிமையாளர் ஏற்கிற தொகை உரிமையாளருடையது. அதைத் தந்திரமாகத் தொழிலாளியின் சம்பளத்துக்குத் தள்ளிவிட இடம் கொடுக்கக் கூடாது.

நான்காவது, குறைக்கக் கூடாத இடத்தில் குறைக்காமலிருப்பது. பைக்கின் பெறுமதியைக் குறைத்து எழுதினால் கட்டணம் குறையும். அது மலிவு போலத் தெரியும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலைகூட எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியும் பழைய விலை திரும்பி வரவில்லை. ஆறு இலட்சம் பெறுமதியான பைக்கைப் பழைய கணக்கில் மூன்று இலட்சம் என்று காப்புறுதி செய்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு இலட்சம் சேதமானால், பாதிப் பெறுமதிக்குத்தானே கட்டணம் கட்டினீர்கள் என்று பாதியை, அதாவது ஐம்பதாயிரத்தை மட்டும் கணக்கில் எடுக்கலாம். மீதி ஐம்பதாயிரத்தை யாரிடம் கேட்பார்கள்? பைக்கை விழுத்தியவரிடம் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது சந்தைப் பெறுமதியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இனி, காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிலாளிக்கு இருக்கிற உரிமைக்கு வருகிறோம். கால் முறிந்த அந்தத் தம்பியை நாங்கள் முதலில் கூட்டிக்கொண்டு போனது இந்த வழியில்தான்.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம். வேலையின் காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது விபத்து நடந்து தொழிலாளி காயப்பட்டாலோ இறந்தாலோ வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பைக்குக்கு எந்தக் காப்புறுதி இருந்தது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. 2022 இல் இது திருத்தப்பட்டது. உச்ச நட்டஈட்டுத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்துகளும் சேர்க்கப்பட்டன. மலைக்குப் போகிற வழியில் காயப்படுகிற அக்காமாரும் இதைக் கவனியுங்கள். இது பைக் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் உரிய சட்டமல்ல.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். குடிபோதையில் ஓட்டியிருந்தால், தலைக்கவசம் போடு என்ற கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தால், அதைக் காட்டி நட்டஈட்டை மறுக்க முயல்வார்கள். தம்பிமாருக்கு இதற்கு மேல் நாங்கள் புத்தி சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு போத்தல் உங்கள் வீட்டாரின் நட்டஈட்டையும் சேர்த்துக் குடித்துவிடும்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்தின் திருத்தச் செலவை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய கையெழுத்தை வைத்துச் சம்பளத்தில் வெட்டுவதைச் சங்கம் எழுத்தில் எதிர்த்தது. சம்பளத்தில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தொழில் திணைக்களத்துக்குப் போவோம் என்று அறிவித்தோம். வெட்டுவது நின்றது. நட்டஈட்டு விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது. முடிவு வந்ததும் உங்களுக்கு அறிவிப்போம். வெற்றி பெற்றுவிட்டோம் என்று இப்போதே மேளம் அடிக்க மாட்டோம்.

விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். அதனால் இப்போதே மனதில் வையுங்கள்.

யாராவது காயப்பட்டிருந்தால் முதலில் ஆளைப் பாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டாவது, ஆளைக் காப்பாற்றத் தேவைப்பட்டாலொழிய வண்டியை இடம் மாற்றாதீர்கள். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுங்கள். பத்திரத்தில் இருக்கிற இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். கம்பனி அதிகாரிக்கு மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். மூன்றாவது, பொலிசில் முறைப்பாடு பதிவு செய்து அதன் இலக்கத்தை எழுதி வையுங்கள். நான்காவது, ஆஸ்பத்திரியில் “விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வேலை நேரத்தில், கம்பனி பைக்கில் போகும்போது விழுந்தேன்” என்று சொல்லுங்கள். டிக்கெட்டில் அப்படி எழுதியிருப்பது பிறகு சாட்சியாகும். ஐந்தாவது, வாசித்து விளங்காத எந்தக் கடதாசியிலும், வெற்றுக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “தலைவரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். அதற்காக யாரும் கோபிக்க முடியாது.

மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வாகனத்தால் யாராவது பாதிக்கப்பட்டால், எந்தக் காப்புறுதியைக் கேட்பது என்று கைவிட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உதவ தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் ஒரு நிதி இருக்கிறது. பொலிஸ் அறிக்கையோடு அங்கே விண்ணப்பிக்கலாம்.

காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்தால், முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கம்பனியிடமே மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ஒம்புட்ஸ்மன் என்று சொல்லப்படுகிற காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்ய இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. கடிதம் எழுதத் தெரியவில்லையே என்று பின்வாங்க வேண்டாம். எழுதிக் கொடுக்கத்தான் சங்கக் காரியாலயம் இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் கட்டுகிற சந்தாவுக்கு இதுவும் வேலை.

கடைசியாக, சொந்த பைக்கைக் கம்பனி வேலைக்குப் பாவிக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பெற்றோல் காசு தருகிறார்கள் என்று மகிழ்ந்து போகாதீர்கள். வேலைக்கும் பாவிக்கிறேன் என்று காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். அதனால் கூடுகிற கட்டணத்தை வேலை கொடுப்பவரிடம் கேட்க வேண்டும். லீசிங்கில் எடுத்த பைக் என்றால் முழுக் காப்புறுதி இருக்கும். ஆனால் பைக் முற்றாக அழிந்தால் வருகிற பணத்தில் லீசிங் கம்பனியின் பாக்கி போன பிறகுதான் மீதி உங்களுக்கு.

தோழர்களே, தாய்மார்களே, இன்று இந்தக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, கம்பனி பைக்கில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் காப்புறுதிச் சான்றிதழின் பிரதி கொடுக்கப்பட வேண்டும். இரண்டு, அந்த பைக்குகளுக்கு முழுக் காப்புறுதியும், ஓட்டுகிறவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பும் கம்பனிச் செலவில் எடுக்கப்பட வேண்டும். மூன்று, வேலை நேரத்து விபத்தின் செலவு தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இதில் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரு பைக்கை வீதிக்கு அனுப்புகிறவர் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் காரியம்தான் இது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மகனோ, தம்பியோ, மருமகனோ கம்பனி பைக் ஓட்டினால், அவர் வந்ததும் கேளுங்கள்: “தம்பி, அந்த பைக்கின் இன்சூரன்ஸ் கடதாசியில் உன்னுடைய காலுக்கும் இடமிருக்கிறதா?” அவருக்குத் தெரியாவிட்டால் நாளைக்குப் பிரட்டு முடிந்ததும் தலைவரிடம் சொல்லுங்கள். மூடுபனி இறங்குகிற பாதை நம்முடைய கையில் இல்லை. கடதாசி நம்முடைய கையில் இருக்கலாம். அதைக் கையில் எடுப்போம்.